மகிழ மரம்: சொல்லும் அடையாளமும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலையோரங்களில் நிழலுக்காக நடப்பெற்ற மரங்களுள் ஒன்றை மலாயர் 'பூங்ஙா தஞ்சோங்' என்பர். பிரிக்ஃபீல்ட்ஸில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் அப்பெயர் பழக்கமானதே. ஆனால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் வகுளம் இதுவே என்றும், நம்மாழ்வார் வகுளாபரணர் எனப்பட்டது இம்மலராலேயே என்றும் அவர்கட்கு யாரும் காட்டியதில்லை. பல மரப்பெயர்களுக்கு 'ஒருவகை மரம்' என்று எழுதி அகராதிகள் அமைந்துவிட்டன. மொழி நூலார்க்குச் சொல்லே போதும் என்னும் மயக்கம் உண்டு. நமக்கும் நெடுநாள் இருந்தது.

மகிழை அறிவது கடினமன்று. இலைகள் மாறிமாறி அமைந்து, பளபளத்து, விளிம்பு சற்றே அலைந்திருக்கும். காம்பை ஒடித்தால் பால் கசியும். பால் கொண்டு மட்டும் துணிதல் ஆகாது. புன்னையிலும் பால் உண்டு, எனினும் அதன் இலைகள் எதிரெதிரே நிற்பன. மகிழம்பூ சிறியது, வெண்மஞ்சள் நிறத்தது, விண்மீன் வடிவினது. அல்லிவட்டம் முழுதாய்க் கழன்று, நடுவில் துளையோடு விழுவதால் அப்படியே நாரில் கோக்கலாம். உலர்ந்த பின்னும் மணம் மாறாது. பழம் முட்டை வடிவில் செம்மஞ்சளாய்ப் பழுக்கும்.

இம்மரத்தின் அறிவியற்பெயர் 'மிமுசோப்ஸ் எலெஞ்சி'. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடே உருவாக்கி, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் இம்மரம் உள்ளூர்ப் பெயராலேயே இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் அதனை ஏற்றார். மலையாள 'இலஞ்ஞி'யும் தமிழ் 'இலஞ்சி'யும் ஒன்றே. மஞ்ஞள், மஞ்சள் என்னும் இணையை நோக்குக. உலகத் தாவரவியலார் நாவில் இன்றும் நம் சொல் நடமாடுகிறது. நாமோ அதைப் பொய்கைக்குரிய சொல்லாக மட்டுமே அறிவோம்!

மலாயாவில் இப்பணிக்குத் துணை, 1940இல் கார்னர் எழுதிய 'வேசைட் ட்ரீஸ் ஆஃப் மலாயா'. இலை, பூ, பால் எனக் கண்ணுக்குப் புலனாவனவற்றை முன்வைத்தமை அதன் சிறப்பு. பெயரொன்றையே நம்புவோர் 'பெனாகா'வில் இடறுவர். பெனாகா லாவுட் நமது புன்னை. பெனாகா லிலின் நாகம். கபிலர் இரண்டையும் வேறாகவே வைத்தார். தொங்கும் செந்தளிர் கண்டால் நாகம். நடுநரம்பினின்று நெருங்கி ஓடும் இணைநரம்பும் உருண்டைக் காயும் கண்டால் புன்னை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய தஞ்சோங் பெனாகா, இப்புன்னையால் பெயர் பெற்ற முனை.