கல்லூரியில் கணினி, பெயர்ப்பட்டியலில் தமிழ்

2004 ஆம் ஆண்டில் இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் முதன்முறையாக நாட்டு மக்களின் கணினி எழுத்தறிவை அளந்தது. நூற்றுக்கு 9.7 பேர் கணினி அறிந்தவர்கள் என்று முடிவு வெளிவந்தது. கணினி அறிந்தவர் யார் என்பதற்கு இவ்வாய்வுகளில் அத்திணைக்களம் கையாளும் வரைவிலக்கணம் சுவையானது. பிறர் துணையின்றித் தானாகவே கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் எவரும் கணினி அறிந்தவரே. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கணினியில் விளையாடத் தெரிந்திருந்தாலும் போதும். இத்தனை தாராளமான அளவுகோலுக்குள்ளும் அவ்வாண்டு வடக்கும் கிழக்கும் அடங்கவில்லை. அங்கே கணக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆகவே 2004 இல் திருகோணமலை மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கணினி தெரிந்திருந்தது என்பதற்கு அரசாங்கத்திடம் எண்ணிக்கை கிடையாது.

எண்ணிக்கை இல்லாத இடத்துக் கதையைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேசத்தில், களப்பு கடலோடு சேருமிடத்தில் இருக்கிறது இலங்கைத்துறை முகத்துவாரம். சிங்களத்தில் லங்காபட்டுன என்று வழங்கும் ஊரும் இதுவே. மீன்பிடியும் வயலும் சேனைப்பயிரும் இங்கு வாழ்வாதாரம். 2006 ஆம் ஆண்டின் இறுதிவரை ஈச்சிலம்பற்றுப் பகுதி முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர்தான் அங்கிருந்து இளைஞர்கள் ஓரளவு தடையின்றி நகரத்துக்கு வந்து படிக்க முடிந்தது. மூதூர்வரை வீதியால் வந்து, இறங்குதுறையில் படகேறி, கொட்டியாரக் குடாவைக் கடந்தால் திருகோணமலை. தரைவழியாக வருபவர்கள் கிண்ணியாவில் பாதைப்படகுக்குக் காத்திருக்கவேண்டும். அங்கே பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான்.

போர்நிறுத்த நாட்களில், செய்தி சேகரிக்கும் வேலையாகத் திருகோணமலையில் தங்கியிருந்தபோது, இப்படிப் படகேறி வந்து கணினி படித்த முகத்துவாரத்து இளைஞர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆறுமாதச் சான்றிதழ் வகுப்பு. விண்டோஸ், வேர்ட், எக்செல், பவர்பொயின்ற், சிறிது இணையம். இருவருக்கு ஒரு கணினி. மின்சாரம் நின்றால் வகுப்பும் நின்றது. "அண்ணை, வீட்டில கரண்ட் இல்லை. நான் கொப்பியில விசைப்பலகையைக் கீறி வைச்சு விரல் பழகிறனான்" என்று அவர் சொன்னதை அப்போதே குறித்துக்கொண்டேன். ஒரு கட்டம்போட்ட தாளில், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மேலே ஆங்கில எழுத்து, கீழே தமிழ் எழுத்து. கணினி கற்கும் கிராமத்துப் பிள்ளைகளிடம் அத்தகைய தாள்களைப் பின்னரும் பல தடவை கண்டிருக்கிறேன்.

அந்தத் தாளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து, இளவயதில் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பதுசொச்சம் விசைகளில் அடக்கவேண்டும் என்பது அவர்முன் இருந்த சிக்கல். புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு அவர் நகரா விசைகளை அமைத்தார். அவ்விசையைத் தட்டினால் தாள் தாங்கி அசையாது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியோடு பொருந்திக்கொள்ளும். ஜெர்மனியில் தயாராகி வந்த அப்பொறியின் வழிவந்த விசையமைப்புத்தான், சிற்சில மாற்றங்களோடு, இலங்கையின் கந்தோர்களில் நிலைபெற்றது. இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்ற எழுத்துகளில் நிற்கும். வலக்கை விரல்கள் த, ம, ட என்பவற்றிலும் புள்ளியிலும் நிற்கும். எண்பதுகளின் முடிவில் நான் தட்டெழுத்துப் பழகியதும் இவ்வொழுங்கில்தான். பல்கலைக்கழகத்துக் கலைப்பட்டத்தைக் காட்டிலும் அந்த மூன்றுமாதப் பழக்கம் பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கூடுதலாகச் சோறுபோட்டது என்று சொன்னால் என் பேராசிரியர்கள் மன்னிப்பார்களாக.

அக்காலத்தில் திருகோணமலைக்குத் தட்டெழுத்தாளர்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். 1987 நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தச்சட்டம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மாகாணசபை முறையும் அதனோடு வந்தது. 1988 இல் அமைந்த வடக்கு கிழக்கு மாகாணசபைக்குத் திருகோணமலையே தலைமையிடம். 1990 இல் அச்சபை கலைந்த பின்னரும் ஆளுநரின்கீழ் மாகாண நிர்வாகம் இந்நகரிலிருந்தே இயங்கியது. நியமனம், இடமாற்றம், நிவாரணம், காணி என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் கடிதம் போகவேண்டும். தமிழ் தட்டத் தெரிந்தவருக்கு உத்தியோகம் உண்டு என்ற நம்பிக்கை அந்நாளில் பிறந்தது. இளைஞர்களைக் கணினி வகுப்புகளுக்கு இழுத்ததும் அதே நம்பிக்கைதான்.

கொழும்பில் கணினியின் வருகை வேறுவிதமாக நடந்தது. 1956 இல் திருகோணமலைச் சுவாமிமலையடியில் சுழியோடிக் கோணேசர் ஆலயத்தின் எச்சங்களைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க், கால்நூற்றாண்டின் பின் தமது '2010' நாவலைக் கொழும்பிலிருந்து வேர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதி, நெகிழ்வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். இந்தத் தீவில் சொற்செயலி கொண்டு எழுதப்பட்ட முதற் பெரிய நூல்களில் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். பேராசிரியர் வி. கே. சமரநாயக்க போன்றோரின் முயற்சியால் 1984 இல் 'சின்டெக்' எனும் கணினிச் சபை உருவாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வியில் முன்னே சென்றது. அதே எண்பதுகளில் கிழக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். இலங்கையில் நாங்கள் நெடுங்காலம் 'கணனி' என்றே எழுதிவந்தோம். தமிழ்நாட்டார் 'கணினி' என்றார்கள். எந்த வடிவம் சரி என்று சிற்றிதழ்களில் காரசாரமாக மோதிக்கொண்டோம். அந்நேரத்தில் அப்பெட்டிக்குள்ளே தமிழ் என்ன கோலத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏனெனில் உண்மையில் அங்கே தமிழ் இருக்கவில்லை.

இதைச் சற்று விளக்கவேண்டும். யுனிகோட் எனும் பொதுக் குறிமுறையில் தமிழுக்கு 1991 லேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மைக்ரோசொஃப்ட்டின் இயங்குதளங்களில் விண்டோஸ் 2000 இல்தான் அது முதலில் செயற்பட்டது. வகுப்பறைகளில் இருந்தவையோ பெரும்பாலும் விண்டோஸ் 98 ஓடிய பழைய பெட்டிகள். அவற்றில் தமிழ் எழுத வழி பாமினி எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று தோன்றும். கணினியின் நினைவில் பதிவதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி மாத்திரமே. ஆங்கில எழுத்துகளுக்கு தமிழ் வேடம் கட்டும் வேலையைத்தான் பாமினி செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேடம் கலைந்து, ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். தமிழில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிய செய்தி இவ்வாறு குப்பையாக வந்து சேர்ந்த அனுபவம் இல்லாத பத்திரிகையாளர் எங்கள் தலைமுறையில் இல்லை.

பாமினியைக் குறைசொல்வது என் நோக்கமன்று. முத்தையாவின் பொறியில் பழகிய விரல்கள் மறுபழக்கமின்றிக் கணினிக்குத் தாவ அதுவே பாலமிட்டது. ஈழத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்தோரின் சஞ்சிகைகளும் திருமண அழைப்பிதழ்களும் அதனால் உயிர்பெற்றன. சொற்செயலியில் எழுதித் தாளில் அச்சடித்துக் கொடுக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. சிக்கல் எக்செல் பாடத்தில் ஆரம்பித்தது.

பெயர்ப்பட்டியல் ஒன்றை அகர வரிசைப்படுத்துவது எக்செலில் கற்பிக்கப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. பாமினியில் அடித்த ஆறு பெயர்களை எடுத்துக்கொள்வோம். அன்னம்மா, இராசம்மா, கந்தையா, செல்லம்மா, பொன்னம்மா, வேலாயுதம். இது தமிழின் முறை. எக்செலிடம் வரிசைப்படுத்தச் சொன்னால் இராசம்மா முதலில் வந்து நிற்பார், ஏனெனில் 'இ' என்பது அங்கே ஒரு காற்புள்ளி. அடுத்தவர் கந்தையா, 'க' என்பது எஃப். அதன்பின்னரே அன்னம்மா, 'அ' என்பது எம். பொன்னம்மா, செல்லம்மா, வேலாயுதம் மூவரும் ஒன்றாக என் எழுத்தின்கீழ் ஒதுங்குவார்கள், ஏனெனில் கொம்புக்குறியை முதலில் தட்டுகிறோம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதே வேறுபாடு. பகரம், சகரம், வகரம் என்ற பேதமெல்லாம் அதற்கப்புறம். நமது இளைஞர் இதைக் கண்டுபிடித்து விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறார். பட்டியலை ஆங்கிலத்தில் தயாரித்துவிடும்படி அறிவுரை கிடைத்தது. சோதனைக்கும் ஆங்கிலப் பெயர்களே வந்தன. அவர் சித்தியடைந்தார்.

வகுப்பறைக்குள் இது ஒரு வேடிக்கை. 2004 டிசெம்பர் 26 இன் பின் அது வேடிக்கையாக இருக்கவில்லை. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்த அந்நாட்களில் திருகோணமலையின் ஒவ்வொரு கந்தோரிலும் தொண்டு நிறுவனத்திலும் பட்டியல்கள் தயாராகின. இறந்தோர், காணாமற்போனோர், வீடிழந்தோர், படகிழந்தோர். எக்செல் தெரிந்தவர்களை இரவும் பகலும் உட்கார வைத்தார்கள். கொழும்பில் மென்பொருளாளர்கள் கூடி, காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் 'சஹானா' எனும் திறந்தமூல மென்பொருளை உருவாக்கினர். அது பின்னர் உலகின் பல நாடுகளில் பயன்பட்டது. கிராம மட்டத்தில் நான் கண்டதோ வேறு. ஒரு பட்டியல் பாமினியில், இன்னொன்று வேறொரு எழுத்துருவில், மூன்றாவது ஆங்கிலத்தில். ஒரே பெண்ணின் பெயர் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஒன்றில் விடுபட்டிருந்தால் இன்னொன்றில் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. பட்டியல்களைச் சுவரில் ஒட்டினார்கள். மக்கள் வெயிலில் நின்று விரல்வைத்து வரிவரியாகத் தேடினார்கள்.

இரண்டாண்டு கழியுமுன் மீண்டும் பட்டியல்கள். 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கட்டில் தொடங்கிய மோதல் மூதூர், சம்பூர் என்று பரவி, ஆண்டிறுதியில் ஈச்சிலம்பற்றையும் எட்டியது. முகத்துவாரத்து மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பின் முகாம்களுக்கும் சிதறினர். முகாமில் குடும்ப விபரம் பதியப்படாவிட்டால் உலர் உணவு கிடையாது. நமது இளைஞர் அப்போது முகாம் ஒன்றில் பதிவு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார். பொலித்தீன் உறைக்குள் பத்திரப்படுத்தி எடுத்துவந்த கணினிச் சான்றிதழே அவ்வேலையைப் பெற்றுத்தந்தது. பட்டியலை அவர் இரண்டு தடவை தயாரித்தாராம். ஒன்று ஆங்கிலத்தில், மேலிடத்துக்கு. மற்றது தமிழில், கைப்பட எழுதி, சனங்கள் பார்ப்பதற்கு.

குறை அவர் படித்த கல்லூரியிலும் இல்லை, கற்பித்தவரிலும் இல்லை. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியானது 1987 இல். அதைக் கணினியில் எழுதுவதற்கான தேசியத் தரமாகிய எஸ்.எல்.எஸ். 1326 வெளிவந்தது 2008 இல். இடைப்பட்ட இருபத்தோராண்டும் ஆட்சிமொழி வேடம்கட்டியே கந்தோருக்கு வந்துபோனது. தமிழ்நாடு 1999 பெப்ரவரி மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. இலங்கை தன் தட்டெழுத்தாளரின் விரல்களுக்குப் பழகிய, ரெங்கநாதன் பெயரால் வழங்கும் அமைப்பையே வைத்துக்கொண்டது. அத்தீர்மானம் சரியானது என்பதே என் கருத்து. முகத்துவாரத்து இளைஞர் கொப்பியில் கீறிப் பழகிய கட்டங்கள் வீணாகாமல் அப்படியே யுனிகோட்டுக்கு வந்துசேர்ந்தன.

தரம் வருமுன்னரே வேலையைத் தொடங்கியவர்கள் தனிமனிதர்கள். முகுந்தராஜின் 'எ-கலப்பை' பழைய விசையமைப்பிலேயே யுனிகோட்டில் எழுத வழிசெய்தது. சுரதாவின் எழுத்துருமாற்றி பாமினிக் குப்பைகளை மீண்டும் தமிழாக்கியது. இலங்கையரான மயூரநாதன் வளைகுடாவில் இருந்தபடி 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவை வளர்க்கத் தொடங்கினார். 2005 இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கப் புறப்பட்டது. அரசின் பக்கத்தில் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கிராமங்களில் 'நெனசல' நிலையங்களைத் திறந்தது. அத்திட்டம் 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்துலட்சம் டொலர் விருதைப் பெற்றது. 2009 ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசு பிரகடனப்படுத்தியபோது ஊர் திரும்பிய எங்கள் மக்கள் கூரைத்தகடுகளுக்குக் காத்திருந்தனர்.

பழைய கோப்புகளின் கதி இன்னும் தீரவில்லை. அச்சகங்களில் பாமினி இன்றும் பயன்படுகிறது. தொண்ணூறுகளிலிருந்து 2008 வரை தமிழில் தட்டப்பட்ட கடிதங்களும் அறிக்கைகளும் பட்டியல்களும் எத்தனை நெகிழ்வட்டுகளிலும் இறுவட்டுகளிலும் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றனவோ. ஓலைச்சுவடிகளைத் தேடியெடுத்து அச்சேற்றிய அறிஞர்கள் வாழ்ந்த ஊர் திருகோணமலை. ஏட்டுக்குக் கறையான் எதிரி. ஆயினும் அரித்தது போக எஞ்சியதை வாசிக்கலாம். எழுத்துரு தொலைந்த கோப்பு முழுதாகவே இருக்கும், வாசிக்க இயலாது.

நமது நண்பர் இப்போது குடும்பஸ்தர். கிழக்கில் ஒரு கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறார். ஆழிப்பேரலை நாட்களில் தாம் தயாரித்த பட்டியல் ஒன்றை இறுவட்டிலிருந்து மீட்டெடுத்து, எழுத்துருமாற்றியில் இட்டு, சென்ற வருடம் எனக்கு அனுப்பியிருந்தார். யுனிகோட்டுக்கு மாறியதும் எக்செலில் மீண்டும் வரிசைப்படுத்திப் பார்த்தாராம். பெயர்கள் அகரத்திலிருந்து ஒழுங்காக நின்றன. ஒரே அடையாள அட்டை எண்ணுடன், பெயர் மட்டும் இருவிதமாக எழுதப்பட்ட நான்கு பேரை அந்த ஒழுங்கில்தான் கண்டாராம். இருவர் இன்றும் முகத்துவாரத்தில் இருக்கிறார்கள். மற்ற இருவரின் பெயர்களுக்கு நேரே என்ன குறிப்பு இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.