ஓங்கில் பார்க்கப் போன கதை

நெல்லியடிச் சந்தியிலிருந்து சைக்கிளில் வெளிக்கிட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ள கடல். ஒரு பக்கம் பருத்தித்துறை, மற்றப் பக்கம் வல்வெட்டித்துறை. இருந்தும் எங்கட பட்ச்சில முக்கால்வாசிப் பேர் ஓங்கிலை முதன்முதலாகக் கண்டது திருகோணமலையில, காசு குடுத்து ஏறின சுற்றுலாப் படகிலதான்.

நிலாவெளியிலிருந்து விடியவே வெளிக்கிட்டம். படகோட்டி அண்ணை தண்ணியைப் பார்க்கேல்லை, வானத்தைத்தான் பார்த்தார். "ஆலா விழுற இடத்தைப் பாருங்கோ" எண்டார். ஆலாக்கள் குத்திக் குத்தி விழுந்த இடத்தில மீன்கூட்டம், அதைச் சுற்றி ஓங்கில்கள். ஒண்டு துள்ளி, பம்பரம் மாதிரிச் சுழண்டு விழுந்தது. ஊரில் 'டொல்பின்' எண்டு சொல்லிப் பழகின நாங்கள் அண்டைக்குத்தான் 'ஓங்கில்' எண்ட சொல்லைத் திருப்பி எடுத்தம்.

இப்பிடி ஆசைக்குக் கடல் பார்க்கிறது எப்ப தொடங்கினது? 1979 இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1982 இல் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் ஹால் வைட்ஹெட் முதலான இளம் ஆய்வாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் திருகோணமலை பொக்கிஷம். துறைமுக வாசலுக்குக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் பெருந்திமிங்கிலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வரும். ஆனால் அடுத்த வருஷமே 1983 யூலை. திருகோணமலையில் வளர்ந்திருக்க வேண்டிய சுற்றுலா யுத்தத்தில் முடங்கிப் போச்சு. 2009 இற்கு முதலே தெற்கில் மிரிஸ்ஸ பெயர் எடுத்திட்டுது.

அந்த வருஷங்களில் எங்கட கரையில் கடல் பார்க்கிற பொருள் இல்லை. பாஸ் எடுக்கவேணும், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, சில காலம் முழுத்தடை. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' 1938 இல் எங்கட ஆக்கள் ஓட்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதே கரையில் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குப் போகவே அனுமதி கேட்கவேண்டி இருந்தது.

திரும்பி வந்து, தொழிலுக்குப் போன எங்கட நண்பன்ர அப்பப்பாவிட்ட படங்களைக் காட்டினம். சிரிச்சார். "இதைப் பார்க்கவோ காசு குடுத்தனீங்கள்? வலையைக் கிழிக்கிறது உதுகள்தானே" எண்டார். பிறகு ஆலாவைப் பற்றி, நீரோட்டத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சார். தடை இருந்த காலத்தில் பேரனுக்குச் சொல்லிக் குடுக்க முடியாமல் போன பாடம் அது.

ஒண்டு மட்டும் உறுத்துது. அண்டைக்கு நாலைஞ்சு படகுகள் ஒரே கூட்டத்தைச் சுற்றி வளைச்சுத் துரத்தினது. எங்கட படகும் அதில ஒண்டு. கொஞ்ச நேரத்தில ஓங்கில்கள் ஆழத்துக்குப் போயிட்டுது. எவ்வளவு கிட்டப் போகலாம் எண்டதுக்கு 2012 இல் இருந்து நாட்டில் ஒழுங்குவிதிகள் இருக்கு. கடலில் கட்டுப்பாடு எண்டாலே எங்கட வீடுகளில் கசப்புத்தான். ஆனால் அந்தத் தடை எங்களைக் கடலிலிருந்து பிரிச்சது. இந்த விதியை மதிச்சால்தான் எங்களுக்குப் பிறகு வாறவைக்கும் பார்க்க ஏதாவது மிஞ்சும்.

அடுத்தமுறை போகேக்க அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போவம்.