சென்னை – பலாலி: ஒரு வான்வழியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு அருகே பலாலி விமான நிலையம் அமைந்திருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து அதற்கு நேர்கோட்டுத் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் இந்த நேர்கோடு வடக்கிலிருந்து தெற்காக, கோடியக்கரையை மேற்கே விட்டுக் கடலின் மேல் செல்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்தபின் அது பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குச் சென்றது. இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கியதே இந்தத் தடத்தில்தான். அதில் பறந்த டக்கோட்டா விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. அந்த வேகத்தில் பலாலி – சென்னைத் தொலைவைக் கடக்க ஒரு மணி பத்து நிமிடம் போதும்.

விமானக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்குக் கடல்வழி இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பலையும் இருகரை ரயில்களையும் சேர்த்து மக்கள் ‘போட் மெயில்’ என்றார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபோது நின்றது.

போர் வான்வழியையும் மூடியது. பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990இல் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வீடும் தோட்டமும் விட்டு இடம்பெயர்ந்தனர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. சென்னைக்குப் போக வேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் அளவு பயணம் செய்து கொழும்பை அடைய வேண்டியிருந்தது. அங்கே கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கே 645 கிலோமீட்டர் பறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தும், பின்னர் திருகோணமலைக்குக் கப்பலேறியும் சென்றார்கள். ஒரு மணி நேரப் பயணம் நாள்கணக்கில் நீண்டது.

போர் முடிந்தபின், 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாப் பரவலால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் இத்தடத்தில் பறக்கிறது.

ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். கணக்குப்படி பயணம் முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது, மறுபடி நிறுத்துமிடம் சேர்வது ஆகியவற்றையும் அட்டவணை நேரம் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அது ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியே அமைகிறது. குறுந்தூரத் தடங்களில் விமானத்தின் வேகம் கூடினாலும் மிச்சமாகும் நேரம் சில நிமிடங்களே. இங்கே பயண நேரத்தைப் பெரிதும் கூட்டியதும் குறைத்ததும் வழி மூடியதும் திறந்ததுமே.

2025 மார்ச் 30 அன்று திருச்சிராப்பள்ளிக்கும் பலாலிக்கும் இடையே சேவை தொடங்கியது. நேர்கோட்டில் அத்தொலைவு சுமார் 180 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பை ஒட்டிய இரத்மலானைக்கு 330 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்குத் திருச்சி அதைவிடப் பக்கம்.