ஜன்ம நிரூபணமும் பூர்வாசார்யர்களின் பரிஹாரமும்

குருபரம்பரை நூல்கள் ஆசார்யர்களின் வைபவத்தைப் பேசுவதோடு நில்லாமல், சிஷ்யர்களின் குறையையும் மறையாமல் பதிவு செய்துள்ளன. பிள்ளை உறங்காவில்லி தாஸர் வ்ருத்தாந்தம் அதற்குச் சான்று. தாஸர் உறையூரில் மல்லராயிருந்து எம்பெருமானாரால் திருத்திப் பணிகொள்ளப்பட்டவர். எம்பெருமானார் காவேரிக்கு எழுந்தருளும்போது முதலியாண்டானுடைய கையையும், நீராடி மீளும்போது தாஸருடைய கையையும் பற்றிக்கொண்டு வருவது வழக்கம். நீராடிய பின் தாஸரைத் தீண்டுவது தகுமோ என்று மடத்துச் சிஷ்யர்கள் சிலர் கலங்கினர்.

அவர்கள் கல்லாதவர்கள் அல்லர். ஸ்ரீபாஷ்யமும் திருவாய்மொழியும் விளங்கிய கோஷ்டியில் இருந்தவர்கள். இளமை முதல் பழகிய வாஸனை அவர்கள் மனத்தை முதலில் சுளிக்கச் செய்தது. அதை நியாயப்படுத்தவே சாஸ்திரம் பிறகு சாட்சிக்கு அழைக்கப்பட்டது. துவேஷம் பெரும்பாலும் இம்முறையிலேயே வேர்கொள்கிறது. கல்வி அதைக் களையாமற் போவதோடு, சில வேளைகளில் அதற்கு அரணாகவும் நிற்கிறது.

இதை அறிந்த எம்பெருமானார் அவர்களோடு வாதம் செய்யவில்லை. இரவில், உலர்த்தியிருந்த அவர்களுடைய வஸ்திரங்களைச் சிறிது கிழித்து வைக்கச் செய்தார். விடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக் கடிந்துகொண்டனர். பின்னர் அவர்களையே தாஸருடைய திருமாளிகைக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வருமாறு நியமித்தார். ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதும், மறுபக்கத்தையும் அவர்களே கொள்ளட்டும் என்று அம்மையார் உறக்கத்தில் புரள்வார்போலத் திரும்பினார்; வந்தவர்கள் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாஸரோ, நகைகளைத் தமதென்று எண்ணியதனாலன்றோ கொடுக்க முற்பட்டாய் என்று தேவியையே வெறுத்துரைத்தார். மறைந்து நின்று இதைக் கேட்டவர்கள் மடத்திற்கு மீண்டு விண்ணப்பிக்க, வஸ்திரத்திற்காக நிகழ்ந்த கலகத்தை எம்பெருமானார் நினைவூட்டினார். அவர்கள் நாணினர்.

இப்பரிஹாரத்திற்கு இரண்டு அங்கங்கள் உண்டு. சிஷ்யர்கள் முதலில் தம்மைக் கண்டனர். அதன் பின்னரே, அதுவரை எட்டநின்று எடையிட்ட ஒருவருடைய இல்லத்தைக் கண்டனர். முன்னது நிகழாதிருந்தால், பின்னதை ஒரு விதிவிலக்கென்று ஒதுக்கியிருப்பர்.

பெரிய நம்பி காட்டியது வேறொரு வழி. ஆளவந்தார் திருவடிகளில் தம்மோடு ஆச்ரயித்த மாறனேரி நம்பிக்கு, அவர் பிறந்த குலத்தைப் பாராமல், பிரம்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். பந்துக்கள் அவரை விலக்கினர். எம்பெருமானார் வினவியபோது, ஜடாயுவுக்குப் பெருமாளும் விதுரருக்குத் தர்மபுத்திரரும் செய்ததையே அவர் விடையாகச் சாதித்தார். தாம் கொண்ட கொள்கையின் விலையைத் தாமே செலுத்தினார்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இவ்வநுஷ்டானத்தைச் சித்தாந்தமாக்கினார். பாகவதனுடைய ஜன்மத்தை ஆராய்வது, அர்ச்சையைக் கண்டு அது எந்த உலோகமென்று நினைப்பதினும் கொடிதென்பது அவருடைய நிர்ணயம். உயர்ந்த பிறவி என்று கருதுவதையே பிரமம் என்கிறார்; நைச்யம் அங்கே முயன்று வரவேண்டியிருப்பதால் அது ஆபத்தென்றும் காட்டுகிறார். மணவாள மாமுனிகள் (1370–1443) இதற்கு வியாக்கியானம் அருளிச்செய்தார்.

அவ்வியாக்கியானம் காலக்ஷேபங்களில் ஐந்நூறு ஆண்டுகள் ஓதப்பட்டது. எனினும் சென்னை மாகாணத்துத் திருக்கோயில்கள் எல்லாருக்கும் திறக்கப்படுவதற்கு 1947ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சூத்திரத்தில் குறையில்லை. மடத்துக் கொடியில் கிழிந்து தொங்கிய வஸ்திரம் ஒருமுறை நிகழ்ந்த அற்புதமாக வாசிக்கப்பட்டது. தலைமுறைதோறும் செய்துகொள்ள வேண்டிய சோதனையாகக் கொள்ளப்படவில்லை. தாஸருடைய வைபவத்தை அநுபவிப்பவர், தம்மை அவரருகே நிறுத்திக்கொள்வது எளிது. விடியற்காலையில் கலகமிட்ட கோஷ்டியில் தம்மை நிறுத்திப் பார்ப்பவருக்கே அவ்வ்ருத்தாந்தம் பரிஹாரமாகிறது.