இரண்டு நூலும் ஒரு பொட்டலம் டீத்தூளும்

இந்தத் தடவை வட்டி விகிதமும் இல்லை, வருமான வரியும் இல்லை. கம்பளி நூல். மும்பையில் இருந்துகொண்டு கம்பளியா என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

தங்கை மகள் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்காக இரண்டு நிறத்தில் ஒரு கவுல் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். கவுல் என்றால் வேறொன்றுமில்லை, மஃப்ளரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் வருகிற வளையம். தலை வழியாக மாட்டிக்கொண்டால் போதும். பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டும் வர முடியாது (அவளுக்கு அது முக்கியம்). சொல்லிக்கொடுப்பது மாட்டுங்காவில் இருக்கும் ஒரு மாமி. எழுபத்தெட்டு வயது. டெல்லியில் பதினைந்து வருஷம் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். "ரெண்டு கலர்னா பயப்படாதேடி, ஒரு வரிசைல ரெண்டுக்கு மேல வராது" என்று தைரியம் கொடுத்தார்.

மாமி சொன்ன அந்த ஒரு விதிதான் இந்தப் பின்னலுக்கு அடிப்படை. ஒரு வரிசைக்கு இரண்டு நிறம். எந்த நிறம் முன்னால் கண்ணியாக விழுகிறதோ அது தெரியும், மற்றது பின்பக்கமாகச் சும்மா ஓடி வரும். முன்னால் பார்த்தால் கோலம், திருப்பிப் பார்த்தால் நூல் நூலாக ஓட்டம். எல்லா இடத்திலும் இரண்டு நூல் இருப்பதால் துணி தடிமனாகிறது, குளிர் தாங்குகிறது. அழகு, கதகதப்பு இரண்டும் ஒரே வேலையில்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஸ்வெட்டரை விட கவுல் நல்லது. வட்ட ஊசியில் குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் போவதால் முன்பக்கமே எப்போதும் நம்மைப் பார்த்து இருக்கும், பின்பக்கக் கண்ணி போட வேண்டியதே இல்லை. நான் எடுத்தது 4 மில்லிமீட்டர் ஊசி, 40 சென்டிமீட்டர் நீளம், 120 கண்ணி. 120-ஐ நாலாலும் ஆறாலும் எட்டாலும் வகுக்கலாம், ஆகவே பெரும்பாலான சின்னக் கோலங்கள் மீதி இல்லாமல் உட்காரும். பின்னால் ஓடும் நூல் ஐந்து கண்ணிக்கு மேல் நீளாத கோலமாகப் பாருங்கள். நீண்டால் விரல் மாட்டும். நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கிவிடும், அதனால் நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளைக் கொஞ்சம் பரத்திவிட்டு அப்புறம் அடுத்த நூலை எடுக்க வேண்டும். இன்னொன்று, எந்த நிறத்தைக் கீழிருந்து கொண்டுவருகிறீர்களோ அதுதான் எடுப்பாகத் தெரியும். நடுவில் மேல் கீழ் மாற்றாதீர்கள்.

சரி, இது எங்கிருந்து வந்தது?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாண்ட் என்று இரண்டு தீவுக் கூட்டங்கள். இரண்டுக்கும் நடுவில் கடலில் ஒரு புள்ளி மாதிரி இருக்கும் தீவு ஃபேர் ஐல். இந்த வகைப் பின்னலுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் அந்தத் தீவின் பெயர்தான். 1588-ல் ஸ்பானிய ஆர்மடாக் கப்பல் ஒன்று அங்கே பாறையில் மோதியது, கரையேறிய மாலுமிகள்தான் கோலங்களைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் மோதியது உண்மை, அதன் பெயர் எல் கிரான் கிரிஃபோன். கற்றுக்கொடுத்த கதைக்கு மட்டும் ஆதாரம் கிடையாது. பெண்கள் கண்டுபிடித்த எதற்கும் ஒரு ஆண் வாத்தியார் தேவைப்படுகிறார் போலிருக்கிறது.

ஷெட்லாண்ட் பெண்கள் சும்மா உட்கார்ந்து பின்னவில்லை. இடுப்பில் ஒரு தோல் பெல்ட், அதில் குதிரை முடி அடைத்த ஒரு திண்டு, திண்டில் ஓட்டைகள். ஓட்டையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிவிட்டால் நடந்துகொண்டே பின்னலாம். முதுகில் அடுப்பெரிக்கும் கரி மண் கூடை, கையில் பின்னல் என்று பழைய புகைப்படங்களில் இருக்கிறார்கள். ஹார்பர் லைன் லேடீஸ் பெட்டியில் தினமும் போகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. செம்பூரில் ஏறும்போது முழுதாக இருக்கும் அவரைக்காய் வடாலா வருவதற்குள் நறுக்கி முடிந்திருக்கும்.

நான் பி.காம். ஆகவே என் கண் போனது கூலிக் கணக்குக்கு. 19-ம் நூற்றாண்டில் ஷெட்லாண்ட் கடைக்காரர்கள் பின்னலுக்குக் காசு கொடுப்பதில்லை. சால்வை கொண்டுபோனால் டீத்தூள், பருத்தித் துணி, இப்படித் தங்கள் கடைச் சரக்கைக் கொடுப்பார்கள். அரிசி பருப்பு மாதிரி அன்றாடம் வேண்டிய உருளைக்கிழங்கும் மாவும் அந்தக் கடையில் கிடைக்காது. அதனால் டீத்தூளைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரிந்தவர்களிடம் நஷ்டத்துக்குக் கொடுத்து மாவு வாங்குவார்கள். கடையில் அன்றைக்கே சரக்கு வேண்டாம் என்றால் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதற்கு 'லைன்' என்று பேர். அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் அந்தச் சீட்டை இன்னொருத்தியிடம் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். வங்கியில் பில் டிஸ்கவுண்டிங் என்று நாங்கள் செய்வது இதேதான், ஒரே வித்தியாசம், இங்கே டிஸ்கவுண்ட் முழுக்க ஏழைப் பெண் தலையில்.

1872-ல் பிரிட்டிஷ் அரசு இதை விசாரித்து அறிக்கை போட்டது. பெண்கள் நேரில் சாட்சி சொன்னார்கள். காசு கேட்டுப் பயனில்லை என்பதால் கேட்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. 1887-ல் வந்த திருத்தச் சட்டம், வீட்டிலிருந்து பின்னிக் கொடுப்பவர்களுக்கும் கூலியைக் காசாகத்தான் தர வேண்டும் என்றது. ஆனாலும் பழக்கம் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஓடியது.

இந்தப் பின்னல் உலகப் பிரபலமானது ஒரு இளவரசரால். பிற்பாடு எட்டாம் எட்வர்டாகிப் பட்டத்தை உதறிய வேல்ஸ் இளவரசர், 1922-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் அதே வேண்டும் என்றாகிவிட்டது. அதே மனிதர் 1921 நவம்பர் 17 அன்று நம்ம பம்பாயில் அப்போலோ பந்தரில் வந்து இறங்கினார். அன்றைக்கு ஹர்த்தால். பரேல் பக்கம் எல்ஃபின்ஸ்டன் மில் வளாகத்தில் காந்தி அந்நியத் துணிகளுக்குத் தீ வைத்தார். தொடர்ந்து நடந்த கலவரத்தில் ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள், காந்தி உண்ணாவிரதம் இருந்தார். ஒரே ஆள், ஒரு ஊரில் அவருக்காகத் துணி எரிகிறது, இன்னொரு ஊரில் அவரால் துணி விற்கிறது.

இனி நம்ம பக்கம். நெல்லை, நாகர்கோவில்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஊரில் லேஸ் பின்னல் இருநூறு வருஷச் சமாச்சாரம். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், அடுத்த சில ஆண்டுகளில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். திண்டு மேல் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் வேலை. அவர் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடி போனபோது இந்த வேலையும் கூடப் போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் எல்லோருக்கும் தெரியும், மனைவியின் லேஸ் பள்ளி தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிந்தது. லேஸ் கூலியைச் சேர்த்து, சொந்தக்காரனிடம் கட்டி, தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மிஷன் ஒன்றும் தர்மத்துக்கு மட்டும் நடத்தவில்லை, லேஸ் விற்ற லாபத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. இருந்தாலும் டீத்தூள் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? டீத்தூளை வைத்து எவளும் விடுதலை வாங்க முடியாது.

கையில் காசு வந்தாலும் கணக்கு சரியாகிவிடாது என்பதற்கு ஆந்திராவில் நரசாப்பூர் இருக்கிறது. அங்கே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-ல் புத்தகம் எழுதினார். ஏற்றுமதியில் கொழித்தார்கள் வியாபாரிகள். நாள் முழுக்கப் பின்னியவர்களுக்கோ தொழிலாளி என்ற பேரே கிடையாது, 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்' என்று சொல்லிக் கூலியைக் குறைத்தார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த கிளைக்கு தாராவியிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவார்கள். நூல் வெட்டுவது, பட்டன் தைப்பது, மணி கோர்ப்பது என்று வீட்டு வேலை செய்கிற பெண்கள் நிறைய. என் பேச்சைக் கேட்டதுமே ஒருத்தி, "நீங்க எந்த ஊருக்கா?" என்றாள். வள்ளியூர் பக்கம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகன் காலேஜ் ஃபீசுக்குக் கடன் வேண்டும். வருமானச் சான்று கேட்டேன். ஒரு பாலித்தீன் பையைக் கொட்டினாள். அத்தனையும் துண்டுச் சீட்டு. இத்தனை பீஸ், இவ்வளவு கூலி, தீபாவளி அட்வான்ஸில் கழித்தது போக மீதி இவ்வளவு. கையெழுத்தும் இல்லை, சீலும் இல்லை. "எல்லாம் அவங்க எழுதுனதுதாங்க்கா. அட்வான்சு என்னைக்கு முடியும்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அந்தச் சீட்டை வைத்து எந்த வங்கியும் தனிக்கடன் கொடுக்காது. 1992-ல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டத்தில் மட்டும் கொஞ்சம் இடமிருக்கிறது, அங்கே வருமானச் சான்று கேட்பதில்லை, குழுவின் சேமிப்பையும் தீர்மானப் புத்தகத்தையும் பார்ப்பார்கள். அவள் சந்திலேயே பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் சேமித்தபின் முதல் கடன் வந்தது. அதில் அவள் முதலில் கட்டியது ஃபீஸ் இல்லை, அந்த தீபாவளி அட்வான்சை. நோட்டுப் போட்டு, தேதி எழுதி, எதிராளியிடம் கையெழுத்தும் வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். ஃபீசுக்கு அடுத்த தவணையில் வாங்கிக்கொண்டாள்.