யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்கள்

மண்ணெண்ணெய்க் கார் என்பது பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட எஞ்சினைக் கராச்சில் மாற்றி, மண்ணெண்ணெயில் ஓட வைத்த வண்டி. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது முதல் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடிய கார்களிற் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. மோட்டார் சைக்கிள்களும் வான்களும் இதே வழியில் ஓடின. என்றாலும் இந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைப்பது 1950களின் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத்தான். காரின் எஞ்சினை மாற்றியமைப்பது பிற நாடுகளில் பெரும்பாலும் வேகத்துக்காக. இங்கே வண்டி நகர்ந்தால் போதும் என்ற நிலை. ஆனால் மெக்கானிக் கைவைத்த இடங்கள் இரண்டிலும் ஒன்றே: அமுக்க விகிதம், தீப்பொறி நேரம், எரிபொருட் கலவை, வெப்பம். நோக்கம் எதிர்த்திசையில் இருந்ததால் இதை யாரும் அந்தக் கலையோடு சேர்த்து எண்ணுவதில்லை. சேர்த்து எண்ணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பின்னணி

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதற்கு உடுவில் ஓர் உதாரணம். யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே உடுவில் வரும். 1824இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையால் பெயர் பெற்ற ஊர். அதற்கப்பால் இது செம்மண் தோட்டங்களின் ஊர். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி எல்லாவற்றுக்கும் கிணற்று நீரே கதி. துலாவிட்டு இறைத்த கிணறுகளுக்கு இறைப்பு மெசின் வந்தபோது, அதில் பெரும்பகுதி மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கிய காலம் அது. மெசின்களும் பெருகின. அதே காலத்து அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதியும் சுருங்கியதால், ஐம்பதுகளில் வந்த ஆங்கிலக் கார்களைக் கைவிட முடியாமல் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். மெசின் திருத்தத் தெரிந்த கைகளும் தேய்ந்துபோன கார்களும் ஒரே ஊரில் ஒன்றாக இருந்ததற்கு இந்த இறக்குமதிக் கொள்கை ஒரு முக்கிய காரணம். போர்க்காலச் சாமர்த்தியத்தைப் பேசுவோர் இதை அதிகம் சொல்வதில்லை.

1990இல் ரயில் நின்றது. தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் எல்லாம் அவசரகாலச் சட்ட விதிகளின் கீழ் வடக்குக்குத் தடைசெய்யப்பட்டன. விடுதலைப் புலிகளின் கைக்குப் போகும் என்பது அரசு சொன்ன காரணம். மண்ணெண்ணெய் மட்டும், விளக்குக்கும் அடுப்புக்கும் என்று, அளவு குறைத்து அனுப்பப்பட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடை வழியாகப் பங்கிடப்பட்டது. குப்பி விளக்குக்கு வந்த எண்ணெயில்தான் நோயாளியும் மாப்பிள்ளையும் பயணம் செய்யவேண்டியிருந்தது.

எஞ்சின் ஏன் மறுக்கிறது

பெற்றோல் 35 பாகை செல்சியசை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை கேட்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய்ச் சிலிண்டர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தீப்பொறி விழுந்தாலும் பற்றாது. எனவே முதலில் பெற்றோலில் தொடக்கித்தான் ஆகவேண்டும்.

சூடான பிறகு வருவது வேறு தொல்லை. அமுக்கத்தைத் தாங்கி, பொறி வரும்வரை தானாக வெடிக்காமல் இருக்கும் தன்மையை ஒக்டேன் எண் காட்டுகிறது. பெற்றோலுக்கு அது 90ஐ ஒட்டியது. மண்ணெண்ணெய் அதிற் பாதியை எட்டுவதே அரிது. ஆகவே பிஸ்ரன் மேலே வந்து அமுக்கும்போது கலவையின் ஒரு பகுதி முந்திக்கொண்டு வெடிக்கும். ஏற்றத்தில் வண்டி 'கடகட' என்று தட்டும். அந்தத் தட்டலோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்ரன் ஓட்டையாகும், கஸ்கட் எரியும்.

மூன்றாவது தொல்லை மெதுவாகக் கொல்வது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடியிலுள்ள சம்புக்குள் இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் நல்ல சகுனமில்லை என்பது அக்கால ஓட்டுநர் அறிந்த பாடம். அடிக்கடி ஒயில் மாற்றுவதே மருந்து. ஒயிலுக்கும் தட்டுப்பாடு.

கராச் வேலை

முதல் வேலை எரிபொருளை இரண்டு வழியாக்குவது. தாங்கியில் மண்ணெண்ணெய், பொனற்றுக்குள் அல்லது அருகே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், நடுவே ஒரு திறப்பு. போத்தலிலிருந்து மெல்லிய குழாய் நேரே, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குப் போகும். சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டுத் தொடக்கியவர்களும் உண்டு. நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரை நிரப்பி வைத்தால் அடுத்த முறை எளிதிற் பற்றும். மறந்தவர் தள்ளவேண்டும்.

அடுத்தது சூடு. மண்ணெண்ணெய் போகும் வழியைப் புகைபோக்கிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், காபரேற்றருக்கு வருமுன்பே வெதுவெதுப்பாக்குவார்கள். ரேடியேற்றரின் ஒரு பகுதியை மறைத்து எஞ்சினை வழக்கத்தைவிடச் சூடாக வைத்திருப்பதும் பலன் தரும். கூடினால் தண்ணீர் கொதிக்கும், குறைந்தால் புகை கக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியைக் கண்டுபிடிப்பதில்தான் ஒரு நல்ல மெக்கானிக்கின் பெயர் இருந்தது.

அமுக்கத்தைக் குறைக்கத் தலைப்பகுதிக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கஸ்கட்டைத் தடிப்பாக்க வேண்டும். மொறிஸ் மைனரின் 803 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமுக்க விகிதம் (பிஸ்ரன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) 7.2:1, சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீற்றர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே எஞ்சும் அறை 32 கன சென்ரிமீற்றரை ஒட்டியது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பைக் கூட்டினால் விகிதம் 6.7க்கு இறங்கிவிடும். காகிதத்தில் இது அற்பம். உடுவிலை ஒட்டிய மருதனார்மடத்திலிருந்து நகருக்கு நான்கு பேரை ஏற்றிப்போகும் காருக்கு, தட்டலோடு போவதா தட்டாமல் போவதா என்பதை இந்த அற்பம்தான் தீர்மானிக்கும்.

சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைப்பது கடைசி வேலை. இதற்கு அளவுகோல் காது. மொறிஸ் மைனரின் எஸ்யூ காபரேற்றரில் கீழேயுள்ள ஒரு நட்டைத் திருகினாலே கலவை கூடும், குறையும். புது ஜெட் தேடி அலையத் தேவையில்லை. வலு எவ்வளவு போயிற்று என்று எவரும் அளந்ததாகத் தெரியவில்லை. 1200 சிசி ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் புதிதாக வந்தபோதே 42 குதிரைவலுத்தான் தந்தது. அதிலும் ஒரு பங்கு குறைந்தால், மேடுபள்ளமற்ற குடாநாட்டில் அது பெரிய இழப்பில்லை. மலைநாட்டில் இந்த வித்தை எடுபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

பழைய கார்களே இதற்குப் பொருந்தின என்பது தற்செயலில்லை. விகிதம் ஏற்கெனவே குறைவு. பற்றரி செத்தாலும் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றித் தொடக்கலாம். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு வந்த ஜப்பானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. டற்சன் 120வை போன்றவற்றின் விகிதம் 9:1. மண்ணெண்ணெய்க்கு அது எட்டாத உயரம். கொழும்பில் பழைய இரும்பாகப் பார்க்கப்பட்ட கார், யாழ்ப்பாணத்தில் புதிய காரைவிடப் பயனுள்ளதாக இருந்த விசித்திரம் இப்படித்தான் வந்தது.

எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது யாழ்ப்பாணத்தவரின் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படுவோர் உண்டு. அது மிகை. பிரித்தானியாவில் 1930களிலிருந்தே உழவு இயந்திரங்களுக்கென்று மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருள் விற்கப்பட்டது. பெர்குசன் ரீஈ-20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, குறைந்த அமுக்கமும் சூடாக்கும் குழாயும் பெற்றோலுக்குத் தனி அறையும் கொண்டே தொழிற்சாலையிலிருந்து வந்தது. கரையோர மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களிலும் மண்ணெண்ணெய் வகை இருந்தது. அவற்றைச் செய்ததும் யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்களே. யாழ்ப்பாணத்தார் செய்தது, தோட்டத்திலும் கடலிலும் தெரிந்திருந்ததை உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில், அதற்கென்று செய்யப்படாத எஞ்சினுக்குள் கொண்டுபோனது. பெருமைக்கு அதுவே போதும்.

ஜப்பானியப் பட்டறைகளோடு ஒப்பீடு

இதே ஆண்டுகளில் ஜப்பானில் கார் மாற்றியமைக்கும் தொழில் உச்சத்தில் இருந்தது. யமஹாவில் பொறியியலாளராக இருந்த ஹிரோயுக்கி ஹசெகாவா 1973இல் பியூஜி மலையடிவாரத்தில் தொடங்கிய எச்கேஎஸ் அதன் முன்னோடிகளுள் ஒன்று. 1989 முதல் 2004 வரை ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டால் 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிக்கவில்லை. அந்த எல்லைக்குள் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிரி-ஆர் போன்ற கார்களைப் பட்டறைகள் வாங்கி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் ரேபோவின் அழுத்தத்தையும் எரிபொருளையும் கூட்டி இருமடங்குக்கு மேல் வலு எடுத்தன.

ஸ்கைலைனின் 2.6 லீற்றர் ஆர்பி26 எஞ்சினின் அமுக்க விகிதம் 8.5:1. வேகக் காருக்கு இது ஏன் இவ்வளவு குறைவு? ரேபோ ஏற்கெனவே அமுக்கிய காற்றை மேலும் அமுக்கினால் கலவை முந்தி வெடிக்கும் என்பதால்தான். அங்கும் தடிப்பான கஸ்கட் போட்டு விகிதத்தை இறக்குவார்கள். அங்கும் பொறியைப் பிந்தவைப்பார்கள். ஜப்பானிய மெக்கானிக் அதிகக் காற்றுக்காகச் செய்த அதே காரியத்தை, யாழ்ப்பாணத்து மெக்கானிக் மட்டமான எரிபொருளுக்காகச் செய்தார். இருவருக்கும் எதிரி தட்டல். ஒருவரிடம் அளவுமானிகளும் உலோகக் கஸ்கட்டும் இருந்தன. மற்றவர் கடையிற் கிடைத்ததையோ, கிடைக்காததை வெட்டிச் செய்ததையோ போட்டார்.

பின்னர்

1994 பிற்பகுதியிலும் 1995 தொடக்கத்திலும் அரசுக்கும் புலிகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தையோடு தடை ஓரளவு தளர்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வில் உடுவில் உட்பட வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனார்கள். நாவற்குழி வழியே நெரிசலில் நின்ற வாகனங்களில் இந்தக் கார்களும் இருந்தன. 1996 ஏப்பிரலுக்குப் பின் மக்கள் திரும்பினர். இராணுவக் கட்டுப்பாட்டில் பெற்றோல் வரத் தொடங்க, போத்தல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. 2002 போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு 2009க்குப் பிறகு நிலையாகத் திறந்தது. மறுசீரமைத்த ஜப்பானியக் கார்கள் குவிந்தன. ஆனாலும் 2010களில் யாழ் நகரின் வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டிகள் நின்றன, பெற்றோலில்.

2022 எரிபொருள் நெருக்கடியில் பழைய வித்தையைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. இம்முறை இரண்டு தடைகள். மண்ணெண்ணெய்க்கே வரிசை, அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மற்றது, இன்று வீதியிலுள்ள கார்கள். ரொயோற்றா அக்குவாவின் எஞ்சின் விகிதம் 13ஐத் தாண்டியது. காபரேற்றர் கிடையாது, திருப்புவதற்கு டிஸ்ரிபியூட்டரும் கிடையாது. பொறி நேரமும் கலவையும் கணினிப் பெட்டிக்குள் எண்களாக இருக்கின்றன. அவற்றை மாற்ற விரும்பும் இளைஞர் மடிக்கணினியோடு வரவேண்டும். கஸ்கட்டின் தடிப்பு மட்டும் இன்னும் கையாலேயே மாற்றப்படுகிறது.