ஆறு மாசம் காடு, ஆறு மாசம் நாடு: சீக்கிரமே ரிட்டயர் ஆகி ஜோடியா உலகம் சுத்த என்னென்ன வேணும்?

இன்ஸ்டாவைத் திறந்தாலே ஒரு ஜோடி வந்து நிக்குது. வயசு நாற்பதுக்குள்ள இருக்கும். வேலையை விட்டாச்சு, வீட்டைக் காலி பண்ணியாச்சு, முதுகுல ஆளுக்கொரு பை. இன்னிக்கு லிஸ்பன், அடுத்த மாசம் ஹனோய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல கடலைமிட்டாய் பாக்கெட்டோட மதுரை பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கும்போது அந்த ரீலைப் பார்த்தா, 'இதெல்லாம் டாலர்ல சம்பளம் வாங்குறவங்களுக்கு' என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் தள்ளிக்கிட்டிருந்தேன், கொச்சி டீக்கடை ஜோடியின் கணக்கைப் படிக்கிற வரைக்கும்.

கே.ஆர்.விஜயன், மோகனா. கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சின்னக் கடையை ரெண்டு பேருமா நடத்தினாங்க. தினமும் 300 ரூபாயை வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே எடுத்துவைப்பது வழக்கம். வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தா 1,09,500 ரூபாய். பத்தாததுக்குக் கடன் வாங்கிக் கிளம்பி, திரும்பி வந்து டீ ஆத்தி அந்தக் கடனை அடைப்பாங்க. அடைச்சதும் அடுத்த நாடு. 2007-ல் இஸ்ரேலில் ஆரம்பித்த ஓட்டம். 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து பயணத்துக்கு உதவினார். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்விட்டு வந்தார்கள். அது 26-வது நாடு. அடுத்த மாதமே, நவம்பர் 19 அன்று விஜயன் காலமானார். வயது 71.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், அவங்க ரிட்டயரே ஆகலை. கடையைப் பூட்டினாங்க, போனாங்க, வந்து திறந்தாங்க. முழுநேரமா ஊர் சுத்துறதுன்னு சொல்லும்போது நாம பார்க்கிற வெளிநாட்டு மாடல் இதுக்கு நேர் எதிர். கோவில்பட்டிக்கு எது சரிப்படும்னு பார்க்கணும்னா ரெண்டையும் தெரிஞ்சுக்கணும்.

அந்த 'ஃபயர்' எங்கிருந்து வந்துச்சு?

சீக்கிரமே பணச் சுதந்திரம் அடைஞ்சு வேலையை விடுற இந்த எண்ணத்துக்கு இன்டர்நெட்டில் 'ஃபயர்' என்று பெயர். அமெரிக்காவின் ஜோ டொமிங்கஸ் 31 வயதில் வால் ஸ்ட்ரீட் வேலையை விட்டவர். அவரும் விக்கி ராபினும் சேர்ந்து 1992-ல் எழுதிய 'யுவர் மனி ஆர் யுவர் லைஃப்' புத்தகம்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆரம்பப் பாடம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1991-ல், பில்லி - அகைஷா கடெர்லி என்ற தம்பதி 38 வயதில் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாடு நாடாகப் போய்த் தங்க ஆரம்பித்துவிட்டார்கள். கனடாவின் கிறிஸ்டி ஷென் - பிரைஸ் லியூங் ஜோடி பத்து லட்சம் கனடா டாலர் சேர்த்துவைத்துக்கொண்டு 2015-ல் கிளம்பியது. அப்போ ரெண்டு பேருமே முப்பதுகளோட தொடக்கத்துல இருந்தாங்க.

இவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு ஒன்றுதான். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பைப் பங்குகளிலும் பாண்டுகளிலும் பிரித்துப் போட்டு, முதல் வருஷம் அதில் 4% எடுத்து, பிறகு விலைவாசி ஏறுகிற அளவுக்குக் கூட்டி எடுத்துக்கொண்டே போனால் குறைந்தது 30 வருஷத்துக்குப் பணம் தீராது என்றார். வருஷச் செலவைப்போல 25 மடங்கு கையில் இருக்கணும் என்று எல்லோரும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

ரெண்டு சிக்கல். ஒண்ணு, அது அமெரிக்கச் சந்தையின் வரலாறு. இன்னொண்ணு, 30 வருஷம் என்பது 60 வயதில் ரிட்டயர் ஆகிறவருக்கான கணக்கு. 45-ல் விட்டால் இன்னும் 40, 45 வருஷம் ஓட்டணும். அதனால் 4-க்குப் பதிலாக 3% என்று வைத்துக்கொள்வது பத்திரம். மாசம் 60,000 ரூபாய் செலவு என்றால் வருஷத்துக்கு 7.2 லட்சம். 4% கணக்கில் 1.8 கோடி போதும். 3% கணக்கில் 2.4 கோடி வேணும். அந்த ஒரு சதவிகிதத்துக்கு விலை 60 லட்சம்!

தீப்பெட்டி சொல்ற பணவீக்கம்

விலைவாசி ஏறும் வேகத்தைப் புரிஞ்சுக்க கோவில்பட்டிக்காரங்களுக்கு கிராஃப் எல்லாம் தேவையே இல்லை. ஒரு தீப்பெட்டி 50 பைசாவாக இருந்து 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. 2021 டிசம்பரில் ரெண்டு ரூபாய் ஆனது. 14 வருஷத்தில் இரட்டிப்பு, அதாவது வருஷத்துக்குச் சுமார் 5%. உள்ளூர்ல இருக்கிறதிலேயே மெதுவா விலை ஏறுன பொருள் தீப்பெட்டிதான்னு நினைக்கிறேன். அந்த ஆமை வேகத்தையே உங்க செலவுக்கும் வச்சுப் பாருங்க. இன்னிக்கு 60,000 என்றால் 14 வருஷத்தில் 1.2 லட்சம், 28 வருஷத்தில் 2.4 லட்சம், 42 வருஷத்தில் 4.8 லட்சம். 45 வயதில் கிளம்பும் ஜோடி 87 வயதில் பார்க்கப்போகிற மாசச் செலவு இது. மருத்துவச் செலவு தீப்பெட்டி மாதிரி ஏறாது என்பதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

பென்ஷன் கைகொடுக்குமேன்னு மில் வேலையிலோ தனியார் கம்பெனியிலோ இருக்கிறவங்க நினைக்கலாம். பி.எஃப்-புடன் வரும் இ.பி.எஸ் ஓய்வூதியத்துக்கு ஃபார்முலா இதுதான்: ஓய்வூதியச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கணும். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 20 வருஷ சர்வீஸுக்குக் கிடைப்பது மாசம் சுமார் 4,300 ரூபாய். அதுவும் 58 வயதில். 50-லேயே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4% வெட்டு. சரி, காபிக் காசாச்சுன்னு வச்சுக்கலாம்.

நிலம் இருக்கு, சம்பள ஸ்லிப் இல்லை

கரிசல்காட்டுக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் பேங்கில் இருக்காது, மண்ணில் இருக்கும். மானாவாரி நிலம் மாசாமாசம் காசு தராது. மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் வெடிப்பு விட்ட கறுப்பு மண். குத்தகைக்கு விட்டாலும் அந்தக் காசும் மழையை நம்பித்தான். 3% கணக்கில் நிலத்தின் சந்தை மதிப்பைச் சேர்க்கக்கூடாது. விற்றால் மட்டும்தான் அது பணம்.

விற்கிறதாக இருந்தால் ஒரு சட்ட விஷயம் உதவும். கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து கிடையாது. விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதை நகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊர் என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், ரோட்டு தூரம் செல்லாது. 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவு. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் லட்சங்கள் இருக்கின்றன. அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பார்த்துடுங்க.

ஆனா நான் விற்கச் சொல்ல மாட்டேன். அதுக்கு விசாதான் காரணம். வேலையை விட்டவங்க மாட்டிக்கிற முதல் இடம் அதுதான். சம்பள ஸ்லிப், கம்பெனி லெட்டர், லீவு அனுமதி மூன்றையும் தூதரகம் எதிர்பார்க்கும். உங்க கையில் மூன்றுமே இருக்காது. 'இவங்க திரும்பி ஊருக்குப் போவாங்களா?' என்பதுதான் விசா அதிகாரியின் ஒரே கேள்வி. அப்போ பேசக்கூடியவை வரித் தாக்கல், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், அப்புறம் உங்க பெயரில் உள்ள பட்டா. எல்லாத்தையும் வித்துட்டு ஒரே ஒரு பையோட நிக்கிற ஜோடி ரீல்ஸுக்கு அழகு, விசா கவுன்டர்ல சந்தேகம்.

கூடவே நாள் கணக்கும் உண்டு. ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் இருக்க முடியாது. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ரிஜெக்ட் ஆனாலும் திரும்பி வராது. நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம். பூடானுக்கும் விசா இல்லை, ஆனால் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் வரி. ஜோடிக்கு ஒரு மாசம்னா 72,000 ரூபாய், ஹோட்டல் செலவு தனி. ஆக, இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு 'முழுநேரப் பயணம்' என்றால் வருஷம் முழுக்க அடுத்த விசாவுக்கு ஃபார்ம் நிரப்புவதுதான். அதுவும் நிறைய நாடுகளின் விசாவுக்கு இந்தியாவுக்கே திரும்பி வந்து விண்ணப்பிக்கணும்.

அப்போ கரிசல்காட்டுக் காலண்டர்?

இங்கதான் எனக்கு இந்த மண் பிடிச்சுப்போச்சு. கோவில்பட்டிப் பக்கம் வயல் என்று சொல்ல மாட்டார்கள், காடு என்பார்கள். காட்டுக்கு வேலை வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். புரட்டாசியில் விதைப்பு, தையில் உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வந்துவிடும், பருத்தி மட்டும் கோடை தொடக்கம் வரை இழுக்கும். அதுக்கப்புறம் ஆவணி வரைக்கும் காடு சும்மா கிடக்கும். அந்த வெயிலில் இங்கே இருந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐரோப்பாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நல்ல காலம் அதே மாதங்கள்தான். சித்திரையில் கிளம்பி ஆவணிக்குத் திரும்பினால் ஐந்து மாசம். ஷெங்கனின் 90 நாள் போக மிச்சத்தை வேறு நாட்டில் கழிக்கலாம். புரட்டாசிக்கு வீட்டில் இருக்கலாம். விஜயன் - மோகனா செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அவங்களுக்குக் கடை, இங்கே காடு.

பட்ஜெட்டும் பாதியாகிவிடும். மிச்ச மாசங்களில் சொந்த வீடு, சொந்தச் சமையல். வருமானம் அடியோடு நிற்பதும் இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடி பேச வேண்டிய சங்கடமான விஷயங்கள்

மருத்துவக் காப்பீடு. நம்மூர் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். ஆபீஸ் கொடுத்த குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். அதனால் வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடணும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரை இருக்கலாம். சர்க்கரை, பிரஷர் வந்த பிறகு எடுத்தால் அந்த மூணு வருஷமும் பயத்துலயே போகும். வெளிநாட்டுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் தனி. அதில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பையும், பழைய நோய்க்கு என்ன கிடைக்கும் என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

அம்மா, அப்பா. இதுக்கு எக்ஸெல் ஷீட்ல வரிசையே கிடையாது. 45 வயது ஜோடிக்கு நாலு பெற்றோரும் எழுபதுகளில் இருப்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னா பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ வண்டி எடுக்கிறது யாரு? அக்காவா, தம்பியா? அவங்ககிட்ட கேட்டாச்சா? கேட்காமல் கிளம்புவதுதான் சண்டையில் முடிகிறது. அவசர டிக்கெட்டுக்கென்றே ஒரு தொகையைத் தொடாமல் வைக்கணும். மதுரையிலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் நேரடி விமானம் இருப்பது ஒரு சின்ன நிம்மதி.

செய்முறை நோட்டு! கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை. நீங்க ஜார்ஜியாவுல இருந்தாலும் மொய் ஜிபேல போயே ஆகணும். சிரிக்காதீங்க, வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தா ஒரு விமான டிக்கெட் வரும்.

அப்புறம், ஒருத்தர் இல்லாமப் போனா? பல வீடுகளில் கணக்கும் பாஸ்வேர்டும் ஒருத்தர் தலைக்குள்ளேயே இருக்கு. எல்லா அக்கவுன்ட்டையும் ஜாயின்ட்டாக மாத்துங்க, யாராவது ஒருத்தர் கையெழுத்தே போதும் என்கிற மாதிரி. நாமினி, உயில், பட்டா நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், நம்பிக்கையான மூணாவது ஆளுக்கு அந்த ஃபைல் இருக்கும் இடம் தெரியட்டும்.

இடைசெவல்காரர் ஒருத்தரையும் சொல்லிடறேன். எழுத்தாளர் கி.ராஜநாராயணன், 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனபோது அவருக்கு 65 வயது. மனைவி கணவதி அம்மாளோடு போனவர், அங்கேயே இருந்து 2021-ல் 97 வயதில் மறைந்தார். உலகப் பயணம் இல்லைதான். ஆனா எல்லாரும் ஊரோட ஒதுங்குற வயசுல, ரெண்டு பேரா புது ஊருக்குக் குடிபோக முடியும்னு கரிசலுக்கு அது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்.

வெள்ளோட்டம் பார்க்க விரும்புறவங்க வேலையை விடாமலே ஆரம்பிக்கலாம். சம்பளமில்லா விடுப்பில் ஒரு மாசம் நேபாளம் அல்லது இலங்கை. ஒரே ரூம், ஒரே பை, நாள் பூரா ரெண்டு பேர் மட்டும். மூணாவது வாரத்தில் யாருக்கு வீட்டு ஞாபகம் வருதுன்னு பாருங்க. ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்க. அந்த நோட்டில் வரும் தொகைதான் உங்க 3% கணக்கின் தொடக்கம். பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு திருநெல்வேலியில் சேவா கேந்திரா இருக்கு. 36 பக்கப் புத்தகத்துக்குத் தலைக்கு 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஜோடிக்கு 3,000. டீக்கடைக்காரர் கணக்கில் பத்து நாள் சேமிப்பு.